மாங்கொட்டை விழுங்கிய நாயும் வாந்தி ஊசியும்

மே மாதம் பிறந்தால் எங்கள் கிளினிக்கில் மாங்கொட்டை சீசன். போன வாரம், பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர், இரண்டு நாளாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்த லேப்ரடாருக்கு வாந்தியை நிறுத்தும் ஒரு ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை. கொட்டையை நாய்க்கு எட்டாத இடத்தில் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு, இதில் நடக்கும் தப்புகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

வாந்தி நின்றதும் நிம்மதி அடைவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். வாந்தி நின்றால் வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம். கொட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகுடலில் இறுகிக்கொண்டு உள்ளிருந்து குடல் சுவரை அழுத்தும். அந்த இடத்துக்கு ரத்தம் போவது நின்று, சுவர் கறுத்து, ஓட்டை விழும். அதிலும் மெட்டோகுளோப்ரமைடு போட்டால் இன்னும் மோசம். அடைத்துக்கிடக்கும் குடலை வேகமாக வேலை செய்யச் சொல்லும் மருந்து அது.

நான் அப்படி அனுப்பிய நாய் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. முதுகை வளைத்துக்கொண்டு நின்றது, வயிற்றைத் தொட விடவில்லை. திறந்து பார்த்தால் கொட்டை உட்கார்ந்திருந்த இடம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒரு சாண் குடலை வெட்டி இணைத்தேன். நான்காம் நாள் தையல் விட்டுப்போய் செத்தது. முதல் நாளே திறந்திருந்தால் இரண்டு அங்குலம் கீறி எடுத்துத் தைத்து அனுப்பியிருக்கலாம்.

"கொட்டை ஏதாவது முழுங்குச்சா?" என்று அன்றைக்கு நானும் கேட்டேன். "இல்லீங்க டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். நாய் திருடித் தின்பதை யார் பார்த்தார்கள்? கேள்வியே தப்பு. "வீட்டில் கடைசியா எப்போ மாம்பழம் நறுக்கினீங்க?" என்று கேட்டிருக்க வேண்டும். "போன மாசம்" என்றாலும் விடாதீர்கள். கொட்டை இரைப்பையில் வாரக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு ஒரு நாள் குடலுக்குள் இறங்கும்.

"வெளிக்குப் போகுதே டாக்டர்"

அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்தது போகிறது.

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது

மேலே வரும் கொட்டை உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு உப்பே விஷமாகலாம்.

விளக்கெண்ணெய்

வேண்டாம்.

எக்ஸ்ரேயில் கொட்டையைத் தேடுவது

எலும்பு மாதிரி பளிச்சென்று தெரியாது. காற்று நிரம்பிப் புடைத்த குடல் வளையங்களைத் தேடுங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வளைவாக ஒரு வெள்ளைக் கோடும் அதன் பின்னால் கறுப்பு நிழலும் விழும். தம்பியின் லேப்ரடாருக்கு அப்படித்தான் கண்டுபிடித்தோம். அன்று சாயங்காலமே வயிற்றைத் திறந்து கொட்டையை எடுத்தாயிற்று.

கொட்டைக்கு நேர் மேலேயே கத்தி வைப்பது

அங்கே சுவர் ஏற்கெனவே நைந்திருக்கும். கொஞ்சம் கீழே தள்ளி, நல்ல நிறத்தில் இருக்கும் குடலில் கீறுங்கள். அப்புறம், தைத்த இடத்தில் சலைன் ஏற்றிக் கசிகிறதா என்று பார்க்காமல் வயிற்றை மூடாதீர்கள். நான் அன்றைக்குப் பார்க்கவில்லை.