ரஷ்யப் புரட்சிக்காலக் கடிதங்கள்: தேதியைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

1917 முதல் 1921 வரை பிரிந்து கிடந்த ரஷ்யக் குடும்பங்களின் கடிதக் கட்டு கைக்கு வந்தால், படிப்பதற்கு முன் கால வரிசையில் அடுக்க வேண்டும். ரஷ்யக் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஸ்கேன்

வண்ணத்தில், 600 டிபிஐ. உறையின் இரு பக்கமும் வேண்டும், அஞ்சல் முத்திரை பின்பக்கத்திலும் இருக்கும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் கூடாது. பருத்திக் கையுறையும் வேண்டாம். தொடு உணர்வு குறைந்து தாள் கிழியும். கழுவி உலர்த்திய கையே மேல்.

2. விரிதாள்

லிப்ரே ஆபிஸ் கால்க் தாராளம். போட்டோ ஆல்பம் செயலிகள் பக்கம் போகாதீர்கள். ஸ்கேன் செய்த நாளை வைத்து வரிசையைக் குலைத்துவிடும். தாளில் உள்ள தேதிக்கு ஒரு பத்தி, மாற்றிய தேதிக்கு ஒன்று, ஆதாரத்துக்கு ஒன்று. முதல் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

3. பழைய தேதியா, புதிய தேதியா?

எல்லாரும் இடறுவது இங்கேதான். சோவியத் அரசு ஜூலியன் நாட்காட்டியை (பழைய முறை) விட்டு, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு (புதிய முறை) மாறியபோது 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆனது. பழைய தேதியோடு 13 கூட்டினால் புதியது. ஆனால் ‘1918-க்குப் பிறகு எல்லாம் புதிய முறை’ என்று முடிவுகட்டாதீர்கள். திருச்சபை சார்ந்தவர்களும் நாடு விட்டுப் போனவர்களில் பலரும் பழைய முறையிலேயே எழுதிவந்தார்கள்.

கிழமை எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. 13 நாள் என்பது இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. அதனால் அதே தேதி பழைய முறையில் ஒரு கிழமை முன்னால் விழும். 1918-இல் மார்ச் 5 புதிய முறையில் செவ்வாய், பழைய முறையில் திங்கள்.

ஆண்டு எழுதாத கடிதத்தில் இது காலை வாரும். ‘மார்ச் 5, செவ்வாய்’ என்பது 1918 புதிய முறைக்கும் பொருந்தும், 1919 பழைய முறைக்கும் பொருந்தும். அப்போது நோன்பைத் தேடுங்கள். ஆர்த்தடாக்ஸ் தவக்காலம் 1918-இல் மார்ச் 18-இலும், 1919-இல் மார்ச் 3-இலும் தொடங்கியது (இரண்டும் புதிய முறை). கடிதத்தில் நோன்பு நடந்துகொண்டிருந்தால் ஆண்டு 1919. தாளின் மார்ச் 5 அப்போது மார்ச் 18.

வெளிநாட்டுக்குப் போன உறையில் வந்துசேர்ந்த ஊரின் முத்திரையையும் பாருங்கள். உள்ளே பழைய முறையில் 5, வெளியே புதிய முறையில் அதே மாதம் 25 என்றால் பயணம் 20 நாள் அல்ல, 7 நாள்.

4. துணைச் சான்றுகள்

சோவியத் பகுதிக்குள் 1919 தொடக்கத்திலிருந்து 1921 ஆகஸ்ட் வரை சாதாரணக் கடிதத்துக்குக் கட்டணம் இல்லை. அஞ்சல்தலை இல்லாத உறையைப் பார்த்து, யாரோ உரித்துவிட்டார்கள் என்று எழுதிவைக்காதீர்கள். முத்திரையும் இல்லையென்றால், ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பியதாக இருக்கலாம்.

பழைய எழுத்துமுறை (‘யாத்’ என்ற பழைய எழுத்து, சொல் இறுதியில் வரும் கடினக் குறி) எதையும் நிரூபிக்காது. பள்ளியில் அப்படிப் பழகியவர்கள், இவற்றை நீக்கிய எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் விடவில்லை. ஊர்ப்பெயர் கொஞ்சம் உதவும்: பெட்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) என்ற பெயர் 1914-இல் வந்து 1924-இல் லெனின்கிராட் ஆனது.

பின்சேர்க்கை

இரட்டைத் தேதி பற்றிப் பலர் கேட்டதால்: ‘5/18’ என்று சாய்கோடு இருந்தால் சிறிய எண்ணே பழைய தேதி. மாத இறுதியில் மட்டும் தலைகீழ்: ‘25/7’ என்றால் 25 பழையது, 7 அடுத்த மாதத்துப் புதிய தேதி. அடைப்புக்குறி வேறு கணக்கு. 1918 ஜூலை 1 வரை புதிய தேதியை எழுதி, பழையதை அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னது அரசாணை.