பழைய ஊர்ப் படங்களைச் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வீடுகளில் கிடக்கும் பழைய புகைப்படங்களைத் திரட்ட இளைஞர்கள் பலர் முன்வருகிறார்கள். ஆனால் சேகரிப்பின் தொடக்க காலத்தில் எங்களிடம் இருந்த தவறான பழக்கங்கள் அவர்களிடமும் அப்படியே தொடர்கின்றன. ஈரக் கையால் தொடக் கூடாது என்பது போன்று எல்லோரும் அறிந்தவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

முகத்தை மட்டும் வெட்டி எடுத்தல்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில், கருமாதிக்குப் படம் மாட்டுவதற்காக, கடைத்தெருவில் எடுத்த குழுப்படம் ஒன்றிலிருந்து தாத்தாவின் முகத்தைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். மீதித் துண்டு குப்பைக்குப் போய்விட்டது. அதில் ஒரு காபி கிளப்பின் பலகையும் மாட்டுவண்டிகளும் இருந்தன என்று அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். துக்க வீட்டின் அவசரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால், கையில் ஸ்கேனர் வைத்திருக்கும் சேகரிப்பாளரே முகத்தை மட்டும் ஸ்கேன் செய்து, சுற்றியுள்ளவற்றைத் தேவையற்ற பின்னணி என்று நீக்கிவிடுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை ஸ்டூடியோவில் தீட்டிய திரைக்கு முன்னால் எடுத்தவை. தெருவும் வயலும் கிணற்றடியும் தெரியும் படங்கள் அரிது. அவற்றின் காலத்தைக் கணிக்க உதவும் தடயங்களோ பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கின்றன. விலைப்பலகையில் அணாக் கணக்கு மட்டும் இருந்தால், படம் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன்போ அதையொட்டியோ எடுத்ததாக இருக்கலாம். பெயர்ப்பலகையில் ‘தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்’ என்று இருந்தால், பழைய மாவட்டம் பிரிக்கப்பட்ட 1993-க்குப் பின் எழுதிய பலகை அது. லை, னை போன்ற எழுத்துகளுக்குப் பழைய துதிக்கை வடிவம் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்டது என எண்ண இடமுண்டு. ஆயினும் அதன் பிறகும் பழைய பழக்கத்தில் எழுதிய ஓவியர்கள் இருந்ததால், இந்த ஒன்றை மட்டும் நம்பி முடிவு செய்துவிட வேண்டாம்.

ஆகவே, ஸ்டூடியோ பெயர் அச்சிட்ட அட்டையோடு, நான்கு விளிம்புகளும் தெரியும்படி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் படக் கோப்பு வகை) கோப்பாகச் சேமியுங்கள். வெட்டுவதை நகலில் மட்டும் செய்யுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தை உரித்தல்

உரிக்கவே கூடாது. 2015 வெள்ளத்தைப் போன்ற பெருவெள்ளத்தில் நனைந்த படங்களில், ஊறிய ஜெலட்டின் படலம் காயும்போது கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. இழுத்தால் உருவம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

பின்பக்கத்தில் பேனாவால் எழுதுதல்

மென்மையான பென்சில் மட்டும்.

வண்ணம் ஏற்றுதல்

கணினி தரும் புடவை நிறம் ஊகமே. அந்த நகலின் பெயரிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

விவரங்களைப் பிறகு கேட்கலாம் என்று விடுதல்

படத்தில் இருப்பவர்களை அறிந்த முதியவர்களிடம் இன்றே கேளுங்கள். யார் என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தெரு, அந்தத் திண்ணை இன்னும் இருக்கிறதா, படம் எடுத்தவர் உள்ளூர்க்காரரா என்றும் கேட்டு, பதிலை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, படக் கோப்பின் எண்ணையே அந்தப் பதிவுக்கும் இடுங்கள்.