பேச்சுக்கு முன்பே தெரியும் குறிகள்: சிறு குழந்தைகளிடம் ஆட்டிசத்தைக் கண்டறிவது எப்படி?

ஒன்றரை வயதாகியும் குழந்தை பேசவில்லை என்று பெற்றோர் கவலைப்பட்டால், "இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான், ஆண் பிள்ளை அப்படித்தான்" என்பதே வீட்டில் முதலில் கிடைக்கும் பதிலாக இருக்கும். பேச்சுத் தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு என்பதால் அந்தப் பதில் சில குழந்தைகளுக்குப் பொருந்தவும் கூடும். ஆனால் பேச்சை மட்டுமே எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள், அதற்குப் பல மாதங்கள் முன்பே தென்பட்டிருக்கக்கூடிய ஆட்டிசத்தின் குறிகளைத் தவறவிடுகிறார்கள். எத்தனை சொல் பேசுகிறது என்பதைவிட, தான் கண்டதையும் மகிழ்ந்ததையும் குழந்தை பிறரோடு எப்படிப் பகிர்ந்துகொள்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் நிற்கும்போது, "அதோ பார், காக்கா!" என்று விரல் நீட்டுங்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தை பொதுவாக உங்கள் விரலோடு நின்றுவிடாமல் அது காட்டும் திசையில் தேடும். கண்டதும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ஒன்றரை வயதுக்குள் அதுவே விரல் நீட்டி உங்களுக்குக் காட்டத் தொடங்கும். எதையும் கேட்டு வாங்குவதற்காக அல்ல, தான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே காட்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் குறைந்தோ இல்லாமலோ இருப்பது இந்தப் பகிர்ந்து காட்டும் செயல்தான். அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பா வேண்டுமென்றால், அப்படிப்பட்ட குழந்தை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று அவருடைய கையை டப்பாவின் மேல் வைக்கும். அவ்வளவு நேரமும் அவர் முகத்தை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்காமல் இருக்கலாம். காரியம் நடந்துவிடுவதால், "வேண்டியதைக் காட்டத் தெரிகிறதே" என்று வீட்டார் நிம்மதியடைந்துவிடுகிறார்கள்.

பெயர் சொல்லி அழைப்பதற்கும் ஒரு முறை உண்டு. குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, கை தட்டாமல், தொடாமல், இயல்பான குரலில் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு வயதுக் குழந்தை பெரும்பாலான நேரங்களில் திரும்பிப் பார்க்க வேண்டும். சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடிவரும் குழந்தை பெயருக்குத் திரும்பாவிட்டால், "காது கேட்கிறது, பிடிவாதம்தான்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சில அலைவரிசைகளில் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருக்கக்கூடும் என்பதால் முறையான செவிப் பரிசோதனையை எந்நிலையிலும் தவிர்க்க முடியாது.

12 மாதத்தில் மழலை ஒலியோ, டாட்டா காட்டுவது போன்ற சைகையோ இல்லாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, 24 மாதத்தில் கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் தானாகச் சேர்த்துப் பேசும் இரு சொல் தொடர் இல்லாமை ஆகியவை மருத்துவரிடம் செல்லப் போதுமான காரணங்கள். விளம்பரப் பாட்டை வரி பிசகாமல் ஒப்பிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமெனக் கேட்கத் தெரியாவிட்டால், அதைப் பேச்சு வந்துவிட்டதாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வந்த பேச்சோ சிரித்துப் பழகும் தன்மையோ எந்த வயதில் மறைந்தாலும் அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காமல் உடனே செல்ல வேண்டும்.

பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது, கைகளைப் படபடவென உதறுவது, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது, வழக்கமான பாதை மாறினால் அடங்காமல் அழுவது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருப்பதால் ஆட்டிசம் என்று ஆகிவிடாது. பொருள்களை வரிசையாக அடுக்கும் குழந்தைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். சமூகத் தொடர்பில் குறைவு, திரும்பத் திரும்பச் செய்யும் அல்லது மிகக் குறுகிய ஈடுபாடுகள் ஆகிய இரண்டும் சேர்ந்து காணப்பட வேண்டும் என்பதே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் நோயறிதல் கையேட்டின் வரையறைக்கு அடிப்படை. பிறரைப் பார்த்து அப்படியே செய்யும் அமைதியான பெண் குழந்தைகளிடம் இக்குறிகள் எளிதில் கண்ணுக்குப் படாமல் போவதும் உண்டு.

16 முதல் 30 மாத வயதுக்கு எம்-சாட்-ஆர் என்னும், பெற்றோர் பதில் சொல்லும் 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. இதில் 3 முதல் 7 வரை மதிப்பெண் வந்தால் தொடர் கேள்விகள் கேட்கப்படும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக விரிவான மதிப்பீட்டுக்கு அனுப்பப்படும். இது சல்லடைதானே தவிர நோயறிதல் அல்ல. அதிக மதிப்பெண் பெற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் இருப்பதில்லை.

நோயறிதலைக் குழந்தை வளர்ச்சி மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரைக் கொண்ட குழுவிடம் பெறுவது நல்லது. ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ கிடையாது. வலிப்பு இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி., வேறு அறிகுறிகள் இருந்தால் மரபணுப் பரிசோதனை என்று காரணத்தோடுதான் அவற்றைக் கேட்பார்கள். குழந்தையைக் கவனிப்பதும் பெற்றோரிடம் விரிவாகக் கேட்பதுமே முறை என்பதால், நீங்கள் கொண்டுசெல்லும் தகவலுக்கு மதிப்பு அதிகம். புது அறையில் மிரண்டு அழும் குழந்தையைப் பார்த்து முடிவெடுப்பது எந்த மருத்துவருக்கும் கடினம். ஆகவே சாப்பிடுவது, பிற குழந்தைகளோடு இருப்பது, பெயர் சொல்லி அழைப்பது என ஓரிரு நிமிட வீடியோக்களைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். முதல் பிறந்தநாள் வீடியோ இருந்தால், பேச்சு பின்னர் மறைந்ததா, தொடக்கம் முதலே இல்லையா என்பதை அது காட்டிவிடும்.

தமிழ்நாட்டில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளோடு இணைந்து இயங்குகின்றன. அங்கன்வாடி வழியாக வரும் நடமாடும் மருத்துவக் குழுவும் அங்கே பரிந்துரைக்கும். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் மதிப்பீடு செய்துகொள்ளலாம். ஆட்டிசம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதால் சான்றிதழ் பெற வழியுண்டு. அதற்கான மதிப்பீட்டில் 40 கூறுகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் இந்திய அளவுகோல் பயன்பட்டுவருகிறது.

"போனை நிறுத்திப் பார்ப்போம், சரியாகிவிடும்" என்ற ஆலோசனை இப்போது பரவலாகக் கேட்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டியதில்லை, நிறுத்துங்கள். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தாய் கொஞ்சாததாலோ தடுப்பூசியாலோ ஆட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியைக் குற்றம்சாட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

முடிவான அறிக்கை வர மாதங்கள் ஆகலாம். பேச்சுப் பயிற்சியையும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் தொழில்வழிப் பயிற்சியையும் (ஆக்குபேஷனல் தெரபி) தொடங்க அந்த அறிக்கை தேவையில்லை. வளர்ச்சித் தாமதம் தெரிந்தாலே போதும். அறிக்கை கைக்கு வந்ததும் முழுமையாகக் குணப்படுத்துவதாகச் சொல்லி ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்கள் உங்களைத் தேடி வரக்கூடும். ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே தெரிவித்திருக்கிறது.