லித்தாப்ஸ் பிளந்தால் தண்ணீரை நிறுத்துங்கள்

கூழாங்கல் போலவே இருக்கும் லித்தாப்ஸ் செடி நடுவில் பிளக்க ஆரம்பித்ததும் தண்ணீர் ஊற்றுவதை அடியோடு நிறுத்திவிடுங்கள். பிளவுக்குள் எட்டிப் பார்க்கும் புது இலை ஜோடி, பழைய இலைகளில் சேர்ந்திருக்கும் நீரை உறிஞ்சித்தான் வளர்கிறது. தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் வறண்ட நிலத்துச் செடி அல்லவா! நாம் ஊற்றினால் பழைய இலை வற்றாமல் குண்டாகவே நின்று புதியதை நெருக்கும், அழுகவும் செய்யும். அது வெங்காயச் சருகு போலக் காயும்வரை பொறுங்கள். கையால் உரிக்கவே வேண்டாம். ஜன்னலோர வெளிச்சம் மட்டும் குறையக் கூடாது.

பழையது முழுக்கக் காய்ந்த பிறகு புது இலை சுருங்கினால் சரி, மண் நன்றாக நனைய ஒருமுறை ஊற்றலாம். பூக்கும்போதும் இதே பிளவுதான் விரியும். உள்ளே மொட்டு தெரிந்தால் இந்தக் குறிப்பு பொருந்தாது.