சாஞ்சோவின் 'இன்சுலா': வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செர்வான்டிஸின் 'டான் குயிக்ஸாட்' நாவலில் சாஞ்சோ பான்சா வேலைக்குச் சேர்வதே ஒரு சொல்லை நம்பித்தான்: இன்சுலா. சாகசத்தில் ஓர் இன்சுலா கிடைக்கும், அதற்கு உன்னை ஆளுநராக்குகிறேன் என்கிறார் எசமான் குயிக்ஸாட். உடனே பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுக் கழுதைமேல் ஏறிவிடுகிறான். 1605இல் வந்த முதல் பாகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் தொடங்கும் இந்தப் பேச்சு, 1615இல் வந்த இரண்டாம் பாகத்திலும் ஓயவில்லை.

இதைத் 'தீவு' என்று படித்துவிட்டுக் கடந்து போவதுதான் பெரிய தவறு. ஸ்பானிய மொழியில் தீவுக்கு அன்றாடச் சொல் 'இஸ்லா'. இன்சுலா லத்தீன் வாடை அடிக்கும் பழஞ்சொல், வீரர் கதைகளில் புழங்கியது. அப்படிப்பட்ட கதையொன்றின் நாயகன் அமாதிஸின் உதவியாளன் கந்தாலினுக்கு 'இன்சுலா ஃபிர்மே' கிடைத்ததே என்று குயிக்ஸாட்டே ஓரிடத்தில் எடுத்துக்காட்டுகிறார். அந்தக் கதைகளைப் படித்துப் படித்தே புத்தி பேதலித்த மனிதர் வேறு எந்தச் சொல்லைச் சொல்வார்? தமிழாக்கத்தில் வெறும் 'தீவு' என்று போட்டால் கிண்டலில் பாதி காணாமல் போய்விடும். என்னைக் கேட்டால் 'துவீபம்' என்றே போடலாம். கொஞ்சம் புராண நெடி அடிக்கட்டுமே.

அப்புறம், இந்தச் சொல் கதையில் எல்லோருக்கும் புரிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் குயிக்ஸாட்டின் சகோதரி மகள், இன்சுலா என்றால் என்ன, தின்கிற பண்டமா என்று சாஞ்சோவைத் திட்டுகிறாள். தின்பதற்கில்லை, ஆள்வதற்கு என்கிறான் அவன். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும், அவ்வளவு போதும். அவனை வெறும் பேராசைக்காரன் என்று ஒதுக்குபவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு தவறு, கடைசியில் அவனுக்குக் கிடைக்கும் பரத்தாரியாவைச் சுற்றிக் கடல் இருப்பதாகக் கற்பனை செய்வது. அது, வேடிக்கைக்காக அவனை ஆளுநராக்கிய ஒரு கோமகனின் ஆட்சிக்குட்பட்ட, ஆயிரம் குடிவரை வாழும் ஓர் ஊர். ஆயிரம் பேர் என்று பெயர்ப்பதும் சறுக்கல்தான். மூலத்தில் உள்ள 'வெசினோ' அந்தக் காலக் கணக்கில் ஒரு குடும்பத்தைக் குறிக்கும். கதைசொல்லி முதலில் அதை 'ஊர்' என்றே சொல்கிறார். பரத்தாரியா என்ற இன்சுலா என்று சாஞ்சோவை நம்பவைத்தவர்கள் கோமகனின் ஆட்கள். ஆகவே சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே படிக்க வேண்டும்.

பதவியை உதறிவிட்டு வரும் வழியில் பழைய அண்டைவீட்டுக்காரன் ரிகோத்தேயைச் சந்திக்கிறான் சாஞ்சோ. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட மொரிஸ்கோ அவன், அதாவது கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவன். சும்மா இரு சாஞ்சோ, இன்சுலாக்கள் கடலுக்குள்ளே அல்லவா இருக்கும், தரையில் ஏது என்கிறான். ஏன் இருக்காது, இன்று காலைதானே அங்கிருந்து கிளம்பினேன் என்கிறான் முன்னாள் ஆளுநர்.