அணைத்தும் அணையாத கணினி

ஒருநாள் காலையில் கணினியில் ஒலி நின்றுபோனது. ஸ்பீக்கர் குறியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. நான்கு முறை அணைத்துப் போட்டேன், அசையவில்லை. டிரைவரை (ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாமா என்று யோசித்தபோதுதான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவின் கீழே, 'அப் டைம்' (கணினி தொடர்ந்து இயங்கிவரும் நேரம்) என்ற இடத்தில் 19 நாள் என்றிருந்தது! சற்று முன்புதானே அணைத்தேன்?

காரணம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. விண்டோஸ் 8-இல் வந்த வசதி இது. 'ஷட் டவுன்' கொடுத்தால் நம் நிரல்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எழுப்பப்படும். டிரைவரில் சிக்கல் இருந்தால் அதுவும் கூடவே எழுந்து வரும். 'ரீஸ்டார்ட்' அப்படியல்ல, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். கொடுத்தேன், ஒலி வந்துவிட்டது. அப்பாடா!

பிறகு கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் அந்த வசதியின் டிக்கை எடுத்துவிட்டேன். முதலில் அது மங்கலாகத்தான் இருக்கும். மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' இணைப்பை அழுத்தினால் திறக்கும். எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு இருப்பதால் தொடங்கும் நேரத்தில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே கணினியில் விண்டோஸுடன் லினக்ஸ் இயங்குதளத்தையும் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் நிறுத்திவிடுங்கள். வசதியை வைத்துக்கொள்ள விரும்பினால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். அந்த ஒருமுறை முழுமையாக அணையும்.