கோப்பு முறைமையின் மீட்சியைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரம் திடீரென்று போனால் தரவு பிழைக்குமா என்று சோதிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கில் -9 என்ற உடனடி நிறுத்தக் கட்டளை கொடுத்து நிறுத்திவிட்டுக் கோப்பைத் திறந்து பார்க்கும் ஒரு ஸ்கிரிப்டைத்தான். வட்டில் கோப்புகளை அடுக்கிப் பராமரிக்கும் கோப்பு முறைமைக்கு இதில் எந்தச் சேதமும் நேர்வதில்லை. ரைட் (எழுது) அழைப்பு முடிந்த தரவு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் இருப்பதால், நிரல் செத்தபின்னும் அது சாவகாசமாக வட்டுக்குப் போய்ச் சேர்கிறது. தொலைவது நிரலின் சொந்த பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) இருந்தது மட்டுமே. ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியைச் சட்டென்று அணைப்பது இதைவிட மேல் என்றாலும், உள்ளிருக்கும் கெர்னல் ஃபிளஷ் (கேஷில் இருப்பதை நிலையாகப் பதித்துவிடு என்ற கட்டளை) கேட்காமல் அனுப்பியவையும் வெளிக்கணினியின் கேஷில் தங்கிவிடக்கூடும் என்பதால், ஃபிளஷ் விடுபட்ட பிழை அங்கும் கண்ணுக்குப் படாமல் போகலாம்.

அடுத்த தவறு, எழுதிய வரிசையிலேயே வட்டில் பதியும் என்று நம்புவது. இரண்டு ஃபிளஷ்களுக்கு நடுவே வந்தவற்றை வட்டு தன் வசதிப்படி எந்த வரிசையிலும் பதிக்கலாம். 512 பைட் செக்டர் கொண்ட வட்டில் 4096 பைட் பக்கம் ஒன்று பாதி புதிதும் பாதி பழையதுமாக நின்றுவிடவும் கூடும். லினக்ஸின் டிஎம்-லாக்-ரைட்ஸ் என்ற கருவி வட்டுக்குப் போகும் ஒவ்வொரு ரைட்டையும் ஃபிளஷையும் பதிவுசெய்து, வேண்டிய இடம்வரை திரும்ப ஓட்டித் தருகிறது. ஆனால் பதிவை வரிசையாக ஓட்டி நிறுத்துவதோடு விட்டால், வரிசை மாறியதால் வரும் பிழைகள் எதுவும் அகப்படாது. இரண்டு ஃபிளஷ்களுக்கு இடையில் 20 ரைட்டுகள் இருந்தால் அவற்றில் எவை பதிந்தன, எவை பதியவில்லை என்பதற்கு 10,48,576 சேர்க்கைகள் உண்டு. அத்தனையையும் முயல முடியாது என்பதற்காகப் பெரிய பணிச்சுமையை (சோதனைக்காக ஓட்டும் கோப்புச் செயல்களின் தொகுப்பை) மணிக்கணக்கில் ஓட்டி, கண்ட நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவது நல்ல மாற்று அல்ல. 2018இல் வெளிவந்த கிராஷ்மங்கி ஆய்வு, புதிதாக உருவாக்கிய சிறிய கோப்பு முறைமையில் மூன்றே செயல்கள் வரை கொண்ட குட்டிப் பணிச்சுமைகளை முறையாக அடுக்கி, எஃப்சிங்க் (கோப்பை வட்டில் நிலையாகப் பதிக்கச் சொல்வது) போன்ற அழைப்புகள் முடிந்த கணத்தில் மட்டும் வீழ்த்தியே (மின்சாரம் போனதுபோல நிறுத்தியே), லினக்ஸில் பல ஆண்டுகளாகப் புழங்கும் கோப்பு முறைமைகளில் 10 புதிய பிழைகளைக் கண்டுபிடித்தது.

ஆனால் என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எது சரியான விடை என்று முன்கூட்டியே வரையறுக்காமல் இருப்பது. மவுண்ட் ஆகிவிட்டது (கோப்பு முறைமை பயன்பாட்டுக்கு இணைந்துவிட்டது), அதைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கருவி குறை சொல்லவில்லை என்பதெல்லாம் கோப்பு முறைமையின் உள்கட்டமைப்பு முரணின்றி இருக்கிறது என்று மட்டுமே காட்டும். உங்கள் கோப்பு முழுதும் சுழியமாக இருந்தாலும் எஃப்எஸ்சிகேவுக்குக் கவலையில்லை. ஒரு கோப்பை மாற்றும் வழக்கமான முறையை எடுத்துக்கொள்வோம்: தற்காலிகக் கோப்பில் புதியதை எழுதி, எஃப்சிங்க் செய்து, பழைய பெயருக்கு ரீநேம் செய்து, கடைசியில் அடைவையும் (கோப்பு இருக்கும் டைரக்டரியையும்) எஃப்சிங்க் செய்கிறோம். ரீநேமுக்கு முன் வீழ்த்தினால் பழைய உள்ளடக்கம் முழுதாக இருக்க வேண்டும். ரீநேமுக்கும் அடைவின் எஃப்சிங்குக்கும் நடுவே வீழ்த்தினால் முழுப் பழையதும் முழுப் புதியதும் இரண்டுமே சரி. கடைசி எஃப்சிங்க் வெற்றியுடன் திரும்பியபின் புதியது மட்டுமே சரி. நடுக்கட்டத்தில் புதியதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் சோதனை பொய்ப் புகார்களைக் குவிக்கும், பிறகு அதன் புகாரை யாரும் படிக்கமாட்டார்கள். எந்த அழைப்பு வெற்றியுடன் திரும்பியது என்ற குறிப்பைச் சோதனைக்குள்ளாகும் வட்டிலேயே வைப்பதும் கூடாது. அந்தக் குறிப்பும் சேர்ந்தே தொலையும்.

மீட்சி நடக்கும்போதே இன்னொரு முறை வீழ்த்திப் பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டை) இரண்டாம் முறை ஓட்டினாலும் அதே நிலை வர வேண்டும். தோற்ற ஓட்டத்தின் வட்டுப் படிமத்தையும் ரேண்டம் விதையையும் (தற்செயல் தேர்வுகளை அப்படியே திரும்ப வரவழைக்கும் தொடக்க எண்ணையும்) சேமிக்காவிட்டால் அந்தப் பிழை திரும்ப அகப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

கடைசியாக, சோதனையையே சோதிக்க வேண்டும்: மேற்சொன்ன முறையில் முதல் எஃப்சிங்கை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, சோதனை தோற்கிறதா என்று பாருங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அது தோற்காமல் போகலாம். இருக்கும் கோப்பின்மீது ரீநேம் செய்தால் புதிய தரவை முதலில் வட்டுக்குத் தள்ளிவிடும் ஆட்டோ_டிஏ_அலாக் என்ற ஏற்பாடு அதில் இயல்பாகவே இயங்குவதுதான் காரணம். இது நினைவில்லாமல் என் சோதனைக் கருவியில்தான் கோளாறு என்று அதைப் பிரித்துப் போட்டு இரண்டு நாள் தேடியிருக்கிறேன். அந்த ஏற்பாட்டை நிறுத்தும் நோஆட்டோ_டிஏ_அலாக் கொடுத்து மவுண்ட் செய்த பிறகுதான் சுழியம் பைட் கோப்பு கண்ணில் பட்டது.